பழைய பொறிக்கு ஏற்ற இயங்குதளம்



பழைய கணிப்பொறி ஒன்று வீட்டில் கிடக்கின்றது. விற்கப் போனால் இரும்பு விலைதான் கிடைக்கும். எறிந்துவிடவோ மனம் வரவில்லை. அதனை ஒரு மூலையில் வைத்து, இரவும் பகலும் ஓடவிட்டு, வீட்டிலுள்ளோர் அனைவருடைய படங்களையும் ஏடுகளையும் ஒருங்கே காத்து, கேட்டபொழுது எடுத்துத் தரும் பண்டகசாலையாக ஆக்கிக்கொண்டால் என்ன என்று இன்று பலர் எண்ணுகின்றனர். இத்தகைய பொறியைச் சர்வர் என்று வழங்குகின்றோம். சேவையகம் என்பது அதன் தமிழ்ப் பெயர். இவ்வாறு எண்ணிய உடனே எழும் வினா ஒன்று உண்டு. இதில் எந்த இயங்குதளத்தை நிறுவுவது?

இயங்குதளம் என்பது யாது என்பதை முதற்கண் சொல்லிவிடுகிறேன். வகுப்பறைப் பழக்கம் என்னை விட்டு இன்னும் போகவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டடம் உண்டு, கரும்பலகை உண்டு, மாணவர் உண்டு. எந்த வகுப்பு எந்த அறையில் அமர்வது, எந்த ஆசிரியர் எந்தப் பாடவேளைக்குச் செல்வது, ஆய்வுக்கூடத்தின் சாவி யாரிடம் இருப்பது என்பனவற்றை முறைப்படுத்த ஒரு நிருவாகம் வேண்டும். அந்நிருவாகம் இல்லாவிடில் கட்டடம் வெறுங் கட்டடமே. கணிப்பொறியின் நினைவகத்தையும் வட்டையும் வலைத்தொடர்பையும் பல நிரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் புகாமல் காக்கும் நிருவாகமே இயங்குதளம்.

எந்த இயங்குதளம் என்று கடைக்காரரைக் கேட்டால் புதிய பொறி வாங்கச் சொல்வார். இளைஞரைக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வர். நான் வரலாற்றைக் கேட்கலாம் என்கிறேன். ஏனெனில், இன்று நாம் தெரிந்தெடுக்கக்கூடிய இயங்குதளங்களுள் பெரும்பாலானவை எளிய பொறிகளின்மேல் பிறந்தவை. அவற்றுள் சில அரை நூற்றாண்டு கடந்தும் வாழ்கின்றன; வேறு சில ஐந்தாறு ஆண்டுகளில் மறைந்தன. வாழ்ந்தவை எதனால் வாழ்ந்தன என்று அறிந்தால், நம் பண்டத்தை யாரை நம்பி ஒப்படைக்கலாம் என்பது ஒருவாறு விளங்கும்.

1960-களின் நடுவில் அமெரிக்க நாட்டில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம், பெல் ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்னும் பெரியதோர் இயங்குதளத்தை ஆக்க முனைந்தன. ஒரு நகரத்துக்கு மின்சாரம் வழங்குவதுபோலக் கணிப்புத் திறனையும் வழங்க வேண்டும் என்பது அவர்கள் அவா. ஆண்டுகள் கரைந்தன, பணமும் கரைந்தது. 1969-இல் பெல் ஆய்வுக்கூடம் அத்திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அதில் உழைத்துவந்த கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர்க்கு நல்ல பொறி இல்லாமற் போயிற்று. புதிய பொறி வாங்கித் தருமாறு விண்ணப்பித்தனர், கிடைக்கவில்லை. 

ஆய்வுக்கூடத்தின் ஒரு புறத்தில் பி.டி.பி-7 என்னும் பழைய பொறி ஒன்று அதிகம் தீண்டுவாரற்றுக் கிடந்தது. அதன் நினைவகம் 18 பிட் அளவுள்ள 8,192 சொற்களே. நம் கைப்பேசி எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அதில் அடக்க இயலாது. அந்த ஆண்டின் கோடையில் தாம்சனுடைய மனைவி குழந்தையை எடுத்துக்கொண்டு கலிபோர்னியாவிலுள்ள உறவினரைக் காணச் சென்றிருந்தார். வீட்டில் தனித்திருந்த அந்த ஒரு திங்களில், கருவுக்கு ஒரு வாரம், கட்டளை ஏற்கும் பகுதிக்கு ஒரு வாரம், எழுதுகருவிக்கு ஒரு வாரம், பொறிமொழி பெயர்ப்பானுக்கு ஒரு வாரம் என்று வகுத்துக்கொண்டு தாம்சன் ஓர் இயங்குதளத்தின் முதல் உருவத்தைச் செய்து முடித்தார். அதுவே யூனிக்ஸ். மூன்று பெரு நிறுவனங்கள் கூடியும் முடிக்க அரும்பாடுபட்ட வேலையின் சாரத்தை, ஒதுக்கப்பட்ட பொறியில் ஒருவர் ஒரு திங்களில் நிறுத்திக் காட்டினார். எளிய பொறி சுருங்கச் செய்யும் பழக்கத்தைக் கற்பித்தது என்றே நான் கருதுகிறேன். இடம் தாராளமாக இருந்திருந்தால் யூனிக்சும் மல்டிக்சைப் போலவே பருத்திருக்கக்கூடும்.

அடுத்துக் கிடைத்த பி.டி.பி-11 பொறியும் பெரியதன்று. நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 இயங்குதளத்துக்கு, 8 பயனாளருக்கு. வட்டு 512 கிலோபைட். 1971-இன் பிற்பகுதியில், பெல் ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த தட்டெழுத்தர் மூவர் நாள் முழுவதும் அதில் அமர்ந்து விண்ணப்பங்களைத் தட்டெழுதித் திருத்தினர். அதே பொறியில், அதே வேளையில், ஆய்வாளர்கள் தங்கள் ஆராய்ச்சியையும் நடத்தினர். ஒரு சிறு பொறி பலருடைய ஏடுகளைக் காத்துப் பலருக்கும் ஒரே காலத்தில் பணி செய்தது. நம் வீட்டுச் சேவையகம் செய்ய வேண்டுவதும் இதுவே.

யூனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. பெல் ஆய்வுக்கூடத்தின் தாய் நிறுவனமாகிய ஏ.டி. அண்டு டி. தொலைபேசித் தொழிலில் தனியாட்சி நடத்திவந்தது. தொலைத்தொடர்பு அல்லாத வேறு வாணிகத்தில் அது இறங்கலாகாது என்று 1956-இல் ஒரு நீதிமன்ற உடன்பாடு ஏற்பட்டிருந்தது. ஆகவே யூனிக்சைப் பெரு வாணிகப் பொருளாக அது விற்க இயலவில்லை. கேட்ட பல்கலைக்கழகங்களுக்குச் சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு மூலநிரலோடு கொடுத்தது. மூலநிரல் என்பது பொறி ஓட்டும் எண்வடிவம் அன்று. மனிதர் படித்து அறியத்தக்க எழுத்துவடிவம். சமையலுக்கு உவமை சொன்னால், பலகாரத்தோடு செய்முறையையும் சேர்த்துக் கொடுத்தது போலாகும்.

செய்முறை கையில் இருந்தால் ஆசிரியர் சும்மா இருப்பாரா? ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்றோர் ஆசிரியர் இருந்தார். யூனிக்சின் ஆறாம் பதிப்பினுடைய கருவின் மூலநிரல் ஏறத்தாழ 9,000 வரிகள். நம் புலவர்கள் பாட்டுக்கு உரை எழுதுவது போல, அவர் அந்த வரிகளுக்கு உரை எழுதினார். 1976, 1977 ஆண்டுகளில் தம் மாணவர்க்கு அதனைப் பாடமாக நடத்தினார். ஓர் இயங்குதளத்தை முழுமையாகப் படித்து முடித்த மாணவர் கூட்டம் உருவாயிற்று. ஆனால் 1979-இல் வெளியான ஏழாம் பதிப்பின் உரிமத்தில், மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்தலாகாது என்ற தடை புகுந்தது. லயன்சின் உரைநூல் படியின் படியாக, நகலின் நகலாக, கைக்குக் கை மறைவாகச் சென்றுகொண்டிருந்தது. 1996-இல்தான் முறைப்படி வெளிவந்தது. உலகத்திலேயே மிகுதியாகக் களவில் படியெடுக்கப்பட்ட கணிப்பொறி நூல் அது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பாடம் சொல்லும் தொழிலில் ஆயுளைக் கழித்த எனக்கு, இத்தடையைப் பற்றிப் படித்தபொழுது உண்மையில் சினம் வந்தது.

தடைக்கு வேறோர் ஆசிரியர் விடை கண்டார். ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம், தம் மாணவர்க்குக் காட்ட ஓர் இயங்குதளம் இல்லையே என்று வருந்தி, யூனிக்சின் ஒரு வரியையும் எடுக்காமல், அதன் போக்கைப் பின்பற்றிப் புதிதாக ஒன்றை எழுதினார். மினிக்ஸ் என்னும் அது 1987-இல் பாடநூலோடு வெளிவந்தது. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்நூலைப் படித்தவர். 1991-இன் தொடக்கத்தில் அவர் 386 செயலி கொண்ட பொறி ஒன்றை வாங்கினார், மினிக்சில் பழகினார், அது போதாமையால் தாமே ஒன்றை எழுதத் தொடங்கி, அந்த ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் பிறருக்கு அறிவித்தார். அதுவே லினக்ஸ். பாடம் நடத்தலாகாது என்ற ஒரு வரித் தடையிலிருந்து, இரண்டு படி கடந்து, லினக்ஸ் பிறந்தது.

இடையில் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன், யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாக 1983-இல் அறிவித்து, குனு என்னும் பெயரில் கருவிகளை ஒவ்வொன்றாகச் செய்துவந்தார். பெற்றவர் பிறருக்குக் கொடுக்கும்பொழுது அதே உரிமையோடு கொடுக்க வேண்டும் என்னும் உரிமத்தை 1989-இல் வகுத்தார். 1992-இல் லினக்சும் அவ்வுரிமத்தின் கீழ் வந்தது.

மற்றொரு கிளையும் உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1970-களிலிருந்தே யூனிக்சைத் திருத்தியும் பெருக்கியும் பி.எஸ்.டி. என்ற பெயரில் வழங்கிவந்தனர். இணைய வலையோடு பேசும் முறையை யூனிக்சுக்கு நன்கு பொருத்தியவர்கள் அவர்களே. 1992-இல் ஏ.டி. அண்டு டி.யின் கிளை நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வழக்கு 1994-இன் தொடக்கத்தில் இணக்கமாக முடிந்தது. ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை மூன்றே மூன்று! ஆயினும் வழக்கு நடந்த அந்த இரண்டாண்டுக் காலம் லினக்சுக்கு வாய்த்த நல்ல காலமாயிற்று, பி.எஸ்.டி. சட்டச் சிக்கலில் இருக்கக் கண்ட இளைஞர் பலர் லினக்சின் பக்கம் சென்றனர். பி.எஸ்.டி. மரபில் நெட்பிஎஸ்டி, பிரீபிஎஸ்டி இரண்டும் 1993-இலும், ஓபன்பிஎஸ்டி 1995-இலும் கிளைத்தன. நெட்பிஎஸ்டியினர்க்கு எந்தப் பொறியையும் ஓட்டிவிடவேண்டும் என்பதில் ஒரு பிடிவாதம் உண்டு. 2005-இல் ரொட்டி வாட்டும் கருவி ஒன்றிலும் அதனை ஓட்டிக் காட்டினர்.

லினக்ஸ் என்பது கரு மட்டுமே. அதனோடு வேண்டிய நிரல்களைச் சேர்த்து, நிறுவும் முறையும் பாதுகாப்புத் திருத்தம் வழங்கும் முறையும் அமைத்துத் தருவோர் வேண்டும். அத்தொகுப்புகளுள் டெபியனை நான் தனித்து எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் 1993 ஆகஸ்டு 16-ஆம் நாள் அதனைத் தொடங்கினார். தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து டெபியன் என்று பெயரிட்டார். 1996-இல் அவர் தலைமையை விட்டு விலகினார்; 2015-இல் காலமானார். டெபியன் நிற்கவில்லை. 1997-இல் அவர்கள் தமக்கும் பயனாளருக்கும் இடையே ஒரு சமூக ஒப்பந்தம் எழுதி வைத்தனர். தலைவரை ஆண்டுதோறும் உறுப்பினர் வாக்கால் தேர்ந்தெடுக்கின்றனர். எந்த நிறுவனமும் அதற்கு உடைமையாளர் அன்று. ஒரு பதிப்பு வெளிவந்தால் ஏறத்தாழ மூன்றாண்டுகள் முழுப் பேணுதலும், அதன்மேல் இரண்டாண்டுகள் நீட்டித்த பேணுதலும் உண்டு.

பேணுதல் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். சேவையகம் என்பது நாள் முழுவதும் வலையில் விழித்திருக்கும் பொறி. பூட்டில்லாத வீட்டைக் கள்வர் தேடுவது போல, திருத்தம் பெறாத பொறிகளைத் தேடி அலையும் நிரல்கள் வலையில் உண்டு. எனவே பழைய பொறிக்கு இயங்குதளம் தேடுவோர், அது இன்று ஓடுமா என்று கேட்டு நிற்கலாகாது. இன்னும் ஐந்து ஆண்டுக்கு இதனை யார் பேணுவார், அவர் கைவிட்டால் வேறு யார் எடுத்துக்கொள்வார் என்று கேட்க வேண்டும்.

கைவிடப்பட்ட கதைகள் உள்ளன. வீட்டுச் சேவையகத்துக்கென்றே மைக்ரோசாப்ட் நிறுவனம் 2007-இல் விண்டோஸ் ஹோம் சர்வர் என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. அது நல்ல முயற்சி என்றே சொல்ல வேண்டும். 512 மெகாபைட் நினைவகம் போதும். பல வட்டுகளை ஒரே பெட்டகமாகக் காட்டும் வசதியும் இருந்தது. ஆனால் முதல் ஆண்டிலேயே, சில நிலைமைகளில் கோப்புகளைக் கெடுத்துவிடும் பழுது வெளிப்பட்டது. 2008 ஜூலையில்தான் அதற்குத் திருத்தம் வந்தது. 2010-இல், வட்டுகளை ஒன்றாக்கும் அந்த வசதியே அடுத்த பதிப்பில் இராது என்றனர். 2012-இல் இனிப் புதிய பதிப்பே இல்லை என்றனர். 2016 ஏப்ரலோடு கடைசிப் பதிப்பின் பேணுதலும் முடிந்தது. மூலநிரல் பிறர் கையில் இல்லாமையால் அதனை எடுத்து நடத்துவாரும் இல்லை.

மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் கவலை இல்லை என்று எண்ணிவிட வேண்டா. ரெட் ஹாட் நிறுவனத்தின் அரவணைப்பில் இருந்த சென்ட்ஓஎஸ் என்னும் லினக்ஸ் தொகுப்பு, அதன் 8-ஆம் பதிப்பு 2029 வரை பேணப்படும் என்ற நம்பிக்கையைத் தந்திருந்தது. 2020 டிசம்பரில், 2021 இறுதியோடு அப்பதிப்பு முடிவுறும் என்று அறிவித்துவிட்டனர். ஏழு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் ஒரே அறிவிப்பில் மறைந்தது. ஆனால் இங்கே முடிவு வேறு. மூலநிரல் திறந்திருந்ததால் அடுத்த ஆண்டே ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்னும் இரண்டு தொகுப்புகள் அவ்விடத்தை நிரப்பின. மரம் வெட்டுண்டது; வேர் பிறர் நிலத்திலும் ஓடியிருந்தது.

இன்னொரு வகையும் உண்டு, கைவிடவில்லை, வளர்ந்துவிட்டது. 2005-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் தொடங்கிய பிரீநாஸ் என்னும் தொகுப்பு பழைய பொறியைக் கோப்புக் கிடங்காக்குவதற்கென்றே வந்தது போல இருந்தது. மிகச் சிறிய நினைவகத்திலும் ஓடிற்று. இன்று அதன் வழிவந்த ட்ரூநாஸ் குறைந்தது 8 கிகாபைட் நினைவகம் கேட்கின்றது. இசட்.எப்.எஸ். என்னும் சிறந்த கோப்பு முறையைக் கையாள்வதால், கேட்பது நியாயமே. ஆனால் 2 கிகாபைட் பொறி வைத்திருப்பவருக்கு அது சம்பந்தி வீட்டு விருந்து போன்றது. பார்க்கலாம், நம் வீட்டில் நடத்த முடியாது.

நிற்க. தமிழ்நாட்டு வீடுகளில் கிடக்கும் பழைய பொறிகளுக்கு வருவோம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழி இலட்சக்கணக்கான மாணவர்க்குப் பொறிகள் வழங்கப்பட்டன. தலைமையாசிரியன் என்ற முறையில் அவற்றைக் கையெழுத்துப் பெற்று வழங்கும் பணி எனக்கும் வாய்த்தது. அப்பொறிகளில் விண்டோசோடு பாஸ் என்னும் லினக்சும் சேர்ந்து வந்தது. பாஸ் என்பது சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடியாகக் கொண்டு ஆக்கியது. 2007-இல் முதலில் வெளிவந்தது. மாணவர் பலர் அதனைத் திறந்தும் பாரார். விண்டோசிலேயே படமும் பாட்டும் கண்டு, பொறி மெதுவானதும் பரண்மேல் ஏற்றினர்.

என் அண்ணன் மகளுக்குக் கிடைத்த பொறியும் அவ்வாறே பரணில் இருந்தது. 2 கிகாபைட் நினைவகம். 64 பிட் செயலி. எங்களூர்ப் பள்ளியின் பழைய மாணவர் வகுப்புப் படங்கள், ஆண்டு விழா மலர்கள் ஆகியவற்றை நண்பர்கள் சிலர் வருடி எடுத்து வைத்திருந்தோம். மூலங்களுட் பல கரையானுக்கு இரையாகிவிட்டன. வருடி எடுத்த படிகளே எஞ்சியவை. அவற்றை ஓரிடத்தில் வைத்து, எங்கள் தெருவிலுள்ள நான்கைந்து வீட்டார் பார்க்கும்படி செய்ய வேண்டியிருந்தது. "சித்தப்பா, அது எதற்கு? ஆயிரம் ரூபாய் கூடப் போட்டால் புதியதே கிடைக்கும்" என்றாள் அண்ணன் மகள். ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்காது என்பது ஒரு புறம் இருக்கட்டும். கைக்குள் இருக்கும் பொறி செய்யக்கூடிய வேலைக்குப் புதிய பொறி எதற்கு என்பதே என் எண்ணம்.

டெபியனை நிறுவினோம். நிறுவும்பொழுது திரைச்சித்திரச் சூழலை வேண்டா என்று விலக்கிவிட வேண்டும். சேவையகத்துக்கு அழகிய திரை எதற்கு? எழுத்துத் திரை மட்டும் இருந்தால் சில நூறு மெகாபைட் நினைவகத்தில் காரியம் நடக்கும். எஞ்சியது முழுவதும் கோப்புகளை விரைந்து எடுத்துத் தரப் பயன்படும். விண்டோஸ் பொறிகளும் கைப்பேசிகளும் கோப்புகளைக் காண்பதற்குச் சாம்பா என்னும் நிரல் உண்டு. கான்பெரா நகரில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991-92-இல் எழுதத் தொடங்கியது அது. மடிக்கணினியின் மூடியை மூடினால் அது உறங்கிவிடும். உறங்காதிருக்க ஓர் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டும். மின்சாரம் போனால் மடிக்கணினியின் மின்கலமே சிறிது நேரம் தாங்கும் என்பது அதன் தனிச் சிறப்பு. மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் தயங்காமல் கழற்றிவிட வேண்டும், அது தீப்பற்றக்கூடும். படங்கள் அனைத்தையும் தனியே இன்னொரு வட்டிலும் படியெடுத்து, அவ்வட்டை வேறொரு வீட்டில் வைத்திருக்கிறோம். எந்த இயங்குதளமும் வட்டின் ஆயுளுக்குப் பொறுப்பேற்பதில்லை.

மேசைப்பொறி வைத்திருப்போர் மின் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 60 வாட் இழுக்கும் பழைய மேசைப்பொறி, 60 நாள் இடைவிடாமல் ஓடினால் 86 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு திங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி என்று 2016-இல் அறிவிக்கப்பட்டதே, அதன் பெரும்பகுதியை இந்தப் பொறி ஒன்றே விழுங்கிவிடும். 15 வாட் மடிக்கணினிக்கு 22 யூனிட் போதும்.

இனி, பொறி 32 பிட்டா, 64 பிட்டா என்ற வினா. 64 பிட் இன்டெல் வகைச் செயலிகள் 2003, 2004 ஆண்டுகளில் சந்தைக்கு வந்தன. அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் 32 பிட் பொறிகள் விற்பனையாயின. நம் பொறி 64 பிட் ஆயின் கவலை இல்லை. டெபியனோ, அதன் உறவினங்களோ, பி.எஸ்.டி.களோ, எதுவும் ஆகும். புதிய விண்டோஸ் வேண்டுமென்றால் கதவு அடைபட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-இன் பொதுப் பேணுதல் முடிவுற்றது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய பொறிகளை ஏற்பதில்லை.

32 பிட் ஆயின் சற்று நிதானிக்க வேண்டும். தான் பிறந்த 386 செயலியையே லினக்ஸ் 2012 டிசம்பரில் கைவிட முடிவு செய்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பு அதில் ஓடாது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-ஆம் பதிப்பில், 32 பிட் இன்டெல் பொறிகளுக்கு நிறுவல் தொகுப்பும் இல்லை, கருவும் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த பிரீபிஎஸ்டி 15-ஆம் பதிப்பும் அவ்வாறே செய்தது. இதனை நன்றிகெட்ட செயல் என்று சிலர் குறைகூறுவர். நான் அவ்வாறு கருதவில்லை. பேணுவோர் ஊதியம் பெறாத தன்னார்வலர் பலர். தம் மேசையில் இல்லாத பொறிக்கு அவர்கள் எவ்வாறு சோதனை செய்து தருவர்? எனினும் வீட்டில் உள்ள பொறி அதுவாயின் நமக்கு வழி வேண்டுமே. நெட்பிஎஸ்டியும் ஓபன்பிஎஸ்டியும் அவ்வகைப் பொறியை இன்னும் விட்டுவிடவில்லை.

அவ்விரண்டையும் நான் சுட்டுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. யூனிக்ஸ் மரபில் காலத்தை 1970 ஜனவரி 1-ஆம் நாளிலிருந்து விநாடி விநாடியாக எண்ணிவருகின்றனர். அவ்வெண்ணிக்கையை 32 பிட் இடத்தில் வைத்தால், 2038 ஜனவரி 19-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, நம் நாட்டு நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு அது நிரம்பிவிடும். அடுத்த விநாடியில் பொறியின் நாட்காட்டி 1901 டிசம்பருக்குப் பின்வாங்கும். நெட்பிஎஸ்டி 2012-இல் வந்த 6.0 பதிப்பிலேயே இவ்வெண்ணிக்கையை 64 பிட் ஆக்கிவிட்டது. ஓபன்பிஎஸ்டி 2014 மே திங்களில் வந்த 5.5 பதிப்பில், பழைய நிரல்கள் ஓடாமற் போனாலும் போகட்டும் என்று, அதே மாற்றத்தைச் செய்தது. டெபியன் 13, எல்லா வகைப் பொறிகளுக்கும் இதனைச் செய்துவிட்டு, 32 பிட் இன்டெல் வகை ஒன்றை மட்டும் விட்டுவைத்தது; அவ்வகைக்கென முன்னரே ஆக்கப்பட்ட பழைய நிரல்களை ஓட்டுவதே இனி அதன் பயன் என்று கருதினர். ஆகவே 32 பிட் பொறியைச் சேவையகமாக வைத்து நெடுநாள் ஓட்ட நினைப்பவர் பி.எஸ்.டி. இரண்டனுள் ஒன்றைக் கொள்வது நலம். 2038 வரை அப்பொறியின் வட்டு சுழலுமா என்பது வேறு வினா.